பெரியம்மாவின் மாத்திரையும் முகத்தில் ஓர் ஊசியும்

இதய நோய் உள்ளவர்கள் அழகுக்காக ‘ஃபில்லர்’ ஊசி போட்டுக்கொள்ளலாமா?

மாணவர்களே, இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

அடுத்த மாதம் உங்கள் அக்காவுக்குத் திருமணம். வீட்டில் எல்லாரும் சேலை, நகை, பூமாலை என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு வயது 56. ஆறு மாதங்களுக்கு முன்பு அவருக்கு மாரடைப்பு வந்தது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனியில் ‘ஸ்டென்ட்’ எனும் சிறிய வலைக்குழாயைப் பொருத்தினார்கள். இப்போது நன்றாக நடமாடுகிறார். கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் சொல்கிறார்:

“மூக்கு பக்கத்துல இருந்து வாய் வரைக்கும் கோடு விழுந்துபோச்சு பாரு. ஒரு ஊசி போட்டா சரியாயிடுமாம். ஆனா போட்ட இடம் நீலமாயிடுமாம். அதுக்கு ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திட்டா போதும்னு தோழி சொன்னா.”

அந்த நேரத்தில் அறையில் இருப்பது நீங்கள் மட்டும்தான். என்ன பதில் சொல்வீர்கள்?

பெரியம்மா சொன்னதில் உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. அது ஊசியைப் பற்றியதா, வேறு எதையாவது பற்றியதா? படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஊசிக்குள் என்ன இருக்கிறது?

ஃபில்லர் என்றால் ‘நிரப்பி’. வயது ஏற ஏற முகத்தில் கொழுப்பும் எலும்பும் குறைகின்றன. தோல் தளர்ந்து மடிப்பு விழுகிறது. அந்த மடிப்பின் அடியில் ஊசி வழியாகக் கூழ் போன்ற பொருளைச் செலுத்தி மேடாக்குவதுதான் ஃபில்லர் சிகிச்சை. இதைப் பலர் ‘போடோக்ஸ்’ உடன் குழப்பிக்கொள்கிறார்கள். போடோக்ஸ் தசையைத் தளர்த்தும் மருந்து. ஃபில்லர் இடத்தை நிரப்பும் பொருள்.

இன்று அதிகம் பயன்படும் ஃபில்லரின் மூலப்பொருள் ஹையலூரோனிக் அமிலம். 1934ஆம் ஆண்டில் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இரு அறிவியலாளர்கள் மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். இது நம் உடலுக்குப் புதிய பொருளும் இல்லை. பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 15 கிராம் ஹையலூரோனிக் அமிலம் இருக்கிறது. தோலிலும் மூட்டுகளிலும் கண்ணிலும் நீரைப் பிடித்துவைத்துக்கொள்வது அதன் வேலை.

உடலில் உள்ள இயற்கையான ஹையலூரோனிக் அமிலம் விரைவில் சிதைந்து, புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். அதனால் ஃபில்லர் தயாரிப்பவர்கள் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று வேதிப்பொருளால் பிணைத்துவிடுகிறார்கள். வலைபோலப் பின்னிய அந்தக் கூழ், பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும். பிறகு மெல்லக் கரைந்துவிடும்.

சரியான இடத்தில் செலுத்தப்பட்ட கூழ் அங்கேயே தங்கிவிடும். இதயத் துடிப்பையோ ரத்த அழுத்தத்தையோ அது மாற்றுவதில்லை. அப்படியென்றால் இதய நோயாளிகள் எதற்காகக் கவனமாக இருக்க வேண்டும்? காரணம், கூழைச் சுற்றி நடக்கும் மற்ற விஷயங்கள்.

கூழ் வழி தவறினால்

உங்கள் இதயம் ஓய்வாக இருக்கும்போது ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. உடலில் உள்ள மொத்த ரத்தமே ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது, முகத்தில் ரத்தத்துடன் கலக்கும் ஒரு பொருள் ஒரே நிமிடத்தில் இதயத்தை எட்டிவிட முடியும்.

ஊசி முனை தவறுதலாக முகத் தமனி ஒன்றுக்குள் நுழைந்துவிட்டால் என்ன ஆகும்? தமனியில் ரத்தம் இதயத்திலிருந்து விலகி ஓடும். ஆகவே கூழ் இதயத்தை நோக்கி வராது. மேலும் மேலும் குறுகும் கிளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். அந்தப் பகுதித் தோல் வெளுத்து, வலித்து, ரத்தம் இல்லாமல் அழுகிப்போகலாம். மூக்கையும் புருவங்களின் நடுப்பகுதியையும் சுற்றியுள்ள தமனிகள் கண்ணின் தமனியோடு இணைந்திருக்கின்றன. அங்கே அடைப்பு ஏற்பட்டால் பார்வையே பறிபோகலாம். இது அரிதாக நடப்பது. ஆனால் இதய நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எவருக்கும் நடக்கலாம்.

சிரைக்குள் நுழைந்தால் கதை வேறு. சிரைகள் ரத்தத்தை இதயத்தின் வலப்பக்கத்துக்குக் கொண்டுவருகின்றன. அங்கிருந்து ரத்தம் நுரையீரலுக்குப் போகிறது. முகத்தில் செலுத்தும் சிறிய அளவுக் கூழால் இப்படி ஆவது மிக மிக அரிது. ஆனால் அனுமதியில்லாத இடங்களில் சிலர் உடலில் திரவ சிலிகோனைப் பெரிய அளவில் செலுத்துகிறார்கள். அது நுரையீரல் நாளங்களை அடைத்து உயிரைப் பறித்த சம்பவங்கள் உண்டு. இத்தகைய சிலிகோன் ஊசிகளைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017ஆம் ஆண்டில் எச்சரித்தது.

ஹையலூரோனிக் அமில ஃபில்லரில் ஒரு வசதி இருக்கிறது. ஹையலூரோனிடேஸ் எனும் நொதி அதைக் கரைத்துவிடும். அடைப்பு ஏற்பட்டால் மருத்துவர் உடனே அதைச் செலுத்துவார். வீட்டு வரவேற்பறையிலும் ஹோட்டல் அறையிலும் ஊசி போடுபவரிடம் அந்த நொதி இருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரே மருந்து, இரண்டு வேலை

பல ஃபில்லர்களில் வலி தெரியாமலிருக்க லிடோகெய்ன் என்ற மருந்தைச் சேர்த்திருப்பார்கள். பல் பிடுங்கும்போது ஈறு மரத்துப்போகப் போடும் ஊசியில் இருப்பதும் பெரும்பாலும் இதுவே. 1943ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரென் இதை உருவாக்கினார்.

நரம்பு வழியாக வலிச்செய்தி மின் அலையாக ஓடுகிறது. நரம்புச் சுவரில் இருக்கும் நுண்ணிய வாயில்கள் திறந்து, சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்தால்தான் அந்த அலை நகரும். லிடோகெய்ன் அந்த வாயில்களை அடைத்துவிடுகிறது. செய்தி மூளைக்குப் போவதில்லை. வலியும் தெரிவதில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இதயத் தசையிலும் இதேபோன்ற சோடியம் வாயில்கள் இருக்கின்றன. துடிப்புக்கான மின் அலை பரவுவது அவற்றின் வழியாகத்தான். அதனால் லிடோகெய்னுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடிக்கும்போது அதை அடக்க, மருத்துவமனைகளில் இதே மருந்தை ரத்தநாளத்தில் செலுத்துவார்கள். அளவோடு கொடுத்தால் துடிப்பைச் சீராக்கும் மருந்து, அளவு மீறினால் துடிப்பையே குலைத்துவிடும்.

ஃபில்லரில் உள்ள அளவு எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பொதுவாக ஃபில்லரில் லிடோகெய்ன் 0.3 விழுக்காடு இருக்கும். அதாவது, 1 மில்லிலிட்டரில் 3 மில்லிகிராம். நான்கு மில்லிலிட்டர் செலுத்தினாலும் 12 மில்லிகிராம்தான். ஊசி வழியாகக் கொடுக்கும் லிடோகெய்னுக்கு மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் உச்ச வரம்பு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 4.5 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 270 மில்லிகிராம். ஆக, ஃபில்லரில் இருப்பது வரம்பில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

ஆபத்து வேறோர் இடத்தில் காத்திருக்கிறது. ஊசிக்கு முன்பு முகத்தில் தடவும் மரப்புக் களிம்பிலும் லிடோகெய்ன் இருக்கிறது. 4 விழுக்காட்டுக் களிம்பு 30 கிராமை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1,200 மில்லிகிராம் லிடோகெய்ன் உண்டு. தோல் அதில் சிறு பகுதியை மட்டும்தான் உறிஞ்சும். ஆனால் அதிகச் செறிவுள்ள களிம்பை அதிகமாகத் தடவி, நெடுநேரம் விட்டு, மேலே பிளாஸ்டிக் உறையும் சுற்றினால் உறிஞ்சப்படும் அளவு கூடிவிடும். அமெரிக்காவில் 22, 25 வயதுடைய இரு இளம்பெண்கள் லேசர் மூலம் முடி அகற்றும் சிகிச்சைக்குத் தயாராகக் கால்களில் இப்படிக் களிம்பு தடவிப் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டார்கள். இருவருக்கும் வலிப்பு வந்து, சுயநினைவு இழந்து, பின்னர் உயிரிழந்தார்கள். இதைக் குறிப்பிட்டு 2007ஆம் ஆண்டில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது.

இதய நோயாளிகளுக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. லிடோகெய்னைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல். இதயம் வலுவிழந்து போனவர்களுக்குக் கல்லீரலுக்குச் செல்லும் ரத்தமும் குறைந்திருக்கும். அதனால் மற்றவருக்கு விரைவில் வெளியேறும் மருந்து, இவர்கள் ரத்தத்தில் நெடுநேரம் தங்கிவிடும். இதய நோய்க்குக் கொடுக்கப்படும் புரோப்ரனலால் போன்ற சில மாத்திரைகளும் இந்த வெளியேற்றத்தைத் தாமதப்படுத்தும். உதட்டைச் சுற்றிக் கூச்சம், வாயில் உலோகச் சுவை, காதில் ரீங்காரம் ஆகியவை லிடோகெய்ன் அதிகமாகிவிட்டதற்கான முதல் அறிகுறிகள்.

பயமும் இதயத்தைத் தொடும்

உயர்நிலைப் பள்ளியில் தடுப்பூசி போட்ட நாளை நினைத்துப் பாருங்கள். வரிசையில் நின்ற யாராவது முகம் வெளுத்துச் சரிந்து உட்கார்ந்தார்களா? பயம், வலி, ரத்தத்தைப் பார்ப்பது போன்றவை வேகஸ் என்ற நரம்பைத் தூண்டிவிடும். இதயத் துடிப்பு மெதுவாகும். ரத்த அழுத்தம் குறையும். மூளைக்குப் போதிய ரத்தம் போகாததால் மயக்கம் வரும். காலைச் சற்றுத் தூக்கிவைத்துப் படுக்க வைத்தால் ஆரோக்கியமானவர்கள் சில நிமிடங்களில் தெளிந்துவிடுவார்கள். ஆனால் இதய வால்வு குறுகிப்போனவர்களுக்கு ரத்த அழுத்தம் திடீரெனக் குறைவது ஆபத்தாக முடியலாம்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். வலியும் பதற்றமும் வந்தால் உடலே அட்ரினலினைச் சுரக்கும். இதயம் வேகமாகத் துடிக்கும். சில மருத்துவர்கள் மரப்பு ஊசியிலும் சிறிதளவு அட்ரினலின் சேர்ப்பதுண்டு. அது ரத்தநாளங்களைச் சுருக்கி மருந்தை அதே இடத்தில் நிறுத்திவைக்கும். இதய நோயாளிக்கு அதைத் தவிர்ப்பதா, குறைப்பதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவருக்கு நோய் இருப்பதே தெரியாவிட்டால் எப்படி முடிவு செய்வார்?

வால்வில் குடியேறும் கிருமி

நம் தோலில் எப்போதும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ஊசி துளைக்கும்போது சில உள்ளே போகலாம். சாதாரணமாக நோய் எதிர்ப்பாற்றல் அவற்றை உடனே அழித்துவிடும். செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கும், சில வகைப் பிறவி இதயக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அந்தக் கிருமி வால்வில் ஒட்டி வளர வாய்ப்பு இருக்கிறது. இதயத்தின் உட்படலத்தில் ஏற்படும் இந்தத் தொற்று, உயிருக்கு ஆபத்தானது.

இதற்காக ஒவ்வொரு ஊசிக்கும் முன்பு எல்லாருக்கும் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கத் தேவையில்லை. தோலை நன்றாகச் சுத்தம் செய்வதும், கிருமி நீக்கிய கருவிகளைப் பயன்படுத்துவதும் முக்கியம். முகத்தில் பரு பழுத்திருந்தாலோ, பல்லில் சீழ் இருந்தாலோ ஃபில்லரைத் தள்ளிப்போட வேண்டும்.

மாத்திரையை நிறுத்தலாமா?

இப்போது பெரியம்மா சொன்னதற்குத் திரும்புவோம்.

ஸ்டென்ட் என்பது உலோகத்தால் ஆன வலை. ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் அதை அந்நியப் பொருளாகவே பார்க்கும். அதன்மேல் ஒட்டிக்கொண்டு கட்டியாக உறையப் பார்க்கும். தமனியின் உட்படலம் வளர்ந்து வலையை மூடும்வரை அவற்றைத் தடுத்துவைக்க வேண்டும். அதற்காகத்தான் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் பொருத்தியவர்களுக்குப் பொதுவாக ஓராண்டு வரை இரண்டு மாத்திரைகள் கொடுக்கிறார்கள். ஒன்று ஆஸ்பிரின். மற்றொன்று குளோபிடோக்ரெல் அல்லது அதைப் போன்றது.

ஆஸ்பிரின் பட்ட தட்டணு, ஆயுள் முழுதும் ஒட்டும் திறனை இழந்துவிடும். தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். ‘ஒரு வாரம் நிறுத்து’ என்ற பேச்சு இங்கிருந்துதான் வந்தது. ஒரு வாரத்தில் புதிய தட்டணுக்கள் வந்துவிடும். ரத்தம் நன்றாக உறையும். முகத்தில் நீலம் பாயாது.

ஆனால் அந்தப் புதிய தட்டணுக்கள் முகத்தில் மட்டுமா ஓடுகின்றன? இதயத்தில் இருக்கும் ஸ்டென்ட்டின் வழியாகவும் அவைதான் ஓடுகின்றன. அங்கே கட்டி உறைந்தால் தமனி அடைபட்டு மீண்டும் மாரடைப்பு வரும். உயிரையும் பறிக்கலாம்.

தராசின் இரண்டு தட்டுகளையும் பாருங்கள். ஒரு தட்டில், ஓரிரு வாரங்களில் தானாக மறையும் நீலத் தழும்பு. மறு தட்டில், உயிர். தோழி சொன்ன அறிவுரையில் இருந்த பிழை இதுதான்.

செயற்கை வால்வு உள்ளவர்களும், இதயம் ஒழுங்கின்றித் துடிப்பவர்களும் சாப்பிடும் வார்ஃபரின் போன்ற மருந்துகளுக்கும் இதே விதி பொருந்தும். இதய மருத்துவரைக் கேட்காமல் ஒருநாளும் நிறுத்தக்கூடாது. மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே நீலம் பாய்வதைக் குறைக்க மருத்துவரிடம் வழிகள் உண்டு. கூர்முனை ஊசிக்குப் பதிலாக மழுங்கிய முனையுள்ள மெல்லிய குழாயைப் பயன்படுத்தலாம். குத்தும் இடங்களைக் குறைக்கலாம். அழுத்திப் பிடித்துக் குளிர் ஒத்தடம் கொடுக்கலாம். மாரடைப்பு வந்து சில மாதங்களே ஆகியிருந்தால், சிகிச்சையையே தள்ளிப்போடச் சொல்லலாம். மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை போன்ற துணை உணவுகளும் ரத்தக் கசிவைச் சற்றுக் கூட்டக்கூடும். அவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

உங்களுக்குத் தெரியுமா?

வார்ஃபரின் முதலில் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. 1948ஆம் ஆண்டில் எலிகளைக் கொல்லப் பயன்பட்ட அதே பொருள், 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. அளவுதான் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு ஃபில்லர் ஊசியால் அந்தக் கருவி பாதிக்கப்படாது. ஊசியில் மின்சாரம் இல்லை. ஆனால் தோலை இறுக்க அதே மருந்தகத்தில் பயன்படுத்தும் ரேடியோ அலைக் கருவிகள் பேஸ்மேக்கரின் வேலையைக் குழப்பலாம். ‘ஊசியோடு சேர்த்து இதையும் செய்துகொள்ளுங்கள்’ என்று சலுகை விலையில் சொன்னாலும் அவர்கள் மறுத்துவிட வேண்டும்.

யாரிடம் போவது, என்ன கேட்பது?

சிங்கப்பூரில் ஃபில்லர் ஒரு மருத்துவச் சாதனம். சுகாதார அறிவியல் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. பதிவுபெற்ற மருத்துவர்தான் அதைச் செலுத்த வேண்டும். ஒருவர் உண்மையிலேயே பதிவுபெற்ற மருத்துவரா என்பதைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் சில நொடிகளில் பார்த்துவிடலாம். உங்கள் கைத்தொலைபேசியிலேயே முடியும்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. சமூக ஊடகங்களில் ‘ஊசியே இல்லாமல் உதட்டை அழகாக்கும் பேனா’ என்று விளம்பரங்கள் வரும். அழுத்தத்தின் மூலம் ஃபில்லரைத் தோலுக்குள் செலுத்தும் அந்தப் பேனாக்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021ஆம் ஆண்டில் எச்சரித்தது. கூழ் எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்பதை அவற்றால் கட்டுப்படுத்த முடியாது. அந்த நிர்வாகம் ஃபில்லருக்குக் கொடுத்துள்ள அனுமதியே 22 வயது நிறைந்தவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும்தான்.

வீட்டில் இதய நோய் உள்ள ஒருவர் ஃபில்லர் போட நினைத்தால், இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்:

1. என்ன இதய நோய், எப்போது வந்தது, ஸ்டென்ட், வால்வு, பேஸ்மேக்கர் ஏதும் உண்டா?

2. தினமும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும்.

3. மரப்பு மருந்துக்கு முன்பு ஒவ்வாமை வந்ததுண்டா? ஊசியைப் பார்த்தால் மயக்கம் வருமா?

4. இதய மருத்துவரிடம் கேட்டாகிவிட்டதா? அவர் என்ன சொன்னார்?

5. ஃபில்லர் போடும் மருத்துவரிடம் அதைக் கரைக்கும் நொதியும் அவசரகால மருந்துகளும் இருக்கின்றனவா?

ஊசி போட்ட பிறகு தோல் வெளுத்தாலோ, கடுமையாக வலித்தாலோ, பார்வை மங்கினாலோ நேரம் கடத்தக்கூடாது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தால் உடனே 995 எண்ணை அழைக்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு ஆசை இருப்பதில் தவறில்லை. திருமண வீட்டில் அழகாக நிற்க யாருக்குத்தான் விருப்பம் இருக்காது? இதய நோய் கட்டுக்குள் இருக்கும் பலருக்கு, விவரம் தெரிந்த மருத்துவரின் கையில் இந்தச் சிகிச்சை பாதுகாப்பாகவே முடியும். ஆபத்து பெரும்பாலும், சொல்லாமல் விட்டதிலும் கேட்காமல் நிறுத்தியதிலும்தான் தொடங்குகிறது.

ஆகவே அந்த அறையில் நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “பெரியம்மா, ஊசியைப் பத்தி அப்புறம் பேசலாம். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க. முதல்ல உங்க இதய டாக்டர்கிட்ட கேட்போம். நானும் கூட வர்றேன்.”